தராசு டீச்சரும் பிரியும் கீபோர்டும்

பேராக் மாநிலத்தில் விற்பனைக்கு வந்த ஒரு பொருள் தராசு டீச்சரின் கண்ணில் படாமல் தப்பித்தது என்றால், அது போன ஜென்மத்தில் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வாளி வாங்கப் போனால் கடையிலேயே தண்ணீர் பிடிக்கச் சொல்லி, தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்து பார்ப்பார். செருப்பு வாங்கினால் கடைக்காரரை அதைப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பு தன் கணவரை வேண்டுமென்றே காக்க வைத்து, கோபம் வருகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொன்னார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று அந்த மனிதரிடமே கேட்டேன். "இன்னும் சோதிச்சுக்கிட்டுதான் இருக்காங்க சார்" என்றார்.

பட்டப்பெயர் வந்த கதை சுருக்கமானது. அவர் கைப்பையில் எப்போதும் ஒரு சமையலறைத் தராசு இருக்கும். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் இன்னொரு தராசும் உண்டு. காலையில் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் தூக்கி நிறுத்துப் பார்ப்பார். "இதுல என்னடா இருக்கு, புத்தகமா சிமெண்டா?" என்று அவர் கேட்கும் குரல் எதிரே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் போய்த் திரும்பி வரும். மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் அப்பாக்கள் அந்தக் குரல் கேட்டதும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். பெயர் தன் காதில் விழுந்தபோது டீச்சருக்குக் கோபமே வரவில்லை. தராசு சரியாக இருக்கும்வரை பெயரும் சரிதான் என்று சொல்லிவிட்டார்.

பீடோரிலிருந்து உள்ளே போனால், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது முழுக்கச் செம்பனையாகிவிட்ட ஓர் இடத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி இருந்தது. சின்னப் பள்ளி. பெற்றோர்கள் எல்லாரும் டவுனில் தொழிற்சாலை, லோரி, பேரங்காடி என்று வேலைக்குப் போய்விட்டாலும், பேச்சில் மட்டும் தோட்டம் போகவில்லை. காலைச் சபைக்கூடலைக்கூடப் பாதிப் பேர் தோட்டத்து ஆள்கணக்கைப் போல 'பெரட்டு' என்றுதான் சொல்வார்கள். நான் சித்தியவானிலிருந்து அங்கே மாற்றலாகி வந்த புதிது. டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்ததில், என்னையும் நிறுத்துவிடுவாரோ என்று முதல் வாரம் பயமாகவே இருந்தது.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. பள்ளிக்கு அன்பளிப்பாக எது வந்தாலும் அதற்குள் போய்விடும். சாவி அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கும். நுண்ணோக்கி ஒன்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஆர்மோனியம் ஒன்று, காற்றே அடிக்கப்படாத பந்துகள் எனப் பலவும் அங்கே பத்திரமாக இருந்தன. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கப்படம் கிடைக்காது. ஏன் சார் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பிள்ளைங்க கையில கொடுத்தா கெட்டு ரோசாக் ஆயிடும்லா. அப்புறம் யாரு பதில் சொல்றது?" மனிதரைக் குறை சொல்வதற்கும் இல்லை. உடைந்தால் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான்.

இந்த நிலையில்தான் ஈப்போவிலிருந்து ஒரு செட்டியார் ஐயா வந்தார். பெரிய வணிகர், பக்திமான், அதிகம் பேசாதவர். சில வருஷங்களுக்கு முன் பள்ளிக்கு ஒரு மின்பலகை வாங்கிக் கொடுத்திருந்தார். அது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். போர்வையை விலக்கிக் காட்டினோம். திறப்பு விழாவன்று போட்ட மாலை காய்ந்து சருகாகி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பலகையும் அன்றிருந்தது போலவே புத்தம் புதிதாக இருந்தது. ஐயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளைங்களுக்கு டேப்லெட் கொடுக்கலாம்னு நினைச்சேன்" என்றார். "நாலாம் ஆண்டுலேருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு. ஆனா இந்தத் தடவை சும்மா கொடுத்துட்டுப் போகமாட்டேன். முதல்ல ஒண்ணே ஒண்ணு அனுப்புறேன். பாடம் நடத்துறவங்க ஒருத்தர் அத வச்சுப் பாத்துட்டு, வகுப்புக்கு ஆகும்னு என் முகத்துக்கு நேரா சொல்லணும். ஆகலைன்னா பரவால்ல, கமுந்திங்ல ஒரு பள்ளிக்கூடம் கேட்டுக்கிட்டு இருக்கு."

யார் பார்ப்பது என்ற கேள்வியே எழவில்லை. எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. தராசு டீச்சர் அப்போதே கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார்.

மாதிரி வந்தது. மலிவு விலை டேப்லெட். திரை தனி, கீபோர்டு தனி. இரண்டையும் அருகே கொண்டுபோனால் காந்தம் இழுத்து டக்கென்று ஒட்டிக்கொள்ளும்; பின்னால் ஒரு மடக்குக் கால் திரையை நிறுத்தி வைக்கும். பிடித்து இழுத்தால் இரண்டும் பிரிந்துவிடும். டீச்சர் செய்த முதல் காரியம், திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைச் சரக்கென்று உரித்ததுதான். தலைமையாசிரியர் தன் தோலையே உரித்த மாதிரி துடித்தார்.

"டீச்சர், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"போன மாட்டுக்குப் பல்லப் பாக்கல சார். அது இன்னும் போர்வைக்குள்ள படுத்திருக்கு."

தராசில் வைத்தார். திரையைவிடக் கீபோர்டு கனமாக இருந்தது. "தலையைவிட வால் பெருசு" என்றார். பிறகு மேசை. எங்கள் பள்ளி மேசைகள் குட்டையானவை, அகலமும் குறைவு. கீபோர்டை முன்னால் வைத்தால் மடக்குக் கால் பின் விளிம்பைத் தாண்டி, திரை மல்லாந்து விழுந்தது. மடியில் வைத்தால் குப்புற விழுந்தது. பெட்டியின் மேலிருந்த படத்தில் பெரிய மேசைமேல் அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அழகென்ன, இங்கே ஆடுகிற ஆட்டமென்ன! ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதைக் கீபோர்டோடு தூக்கித் தரையில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். திரை மேசைக்காலில் சாய்ந்து நின்றது. டீச்சர் தடுக்கவில்லை. "மேசைக்கு ஆகாது, தரைக்கு ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தது கைச் சோதனை. இடைவேளை முடிந்து வரும் பிள்ளைகள் யாரும் கை கழுவக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவ்வளவு நாள் கழுவு கழுவு என்று கத்தியவர் அவரே. பிள்ளைகளுக்கு இன்பம் தாங்கவில்லை. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் ஒட்டிய விரல்கள் வரிசையாக வந்தன. பள்ளிச் சாப்பாட்டுக்கடை நடத்தும் கண்டின் அக்கா ஓடி வந்துவிட்டார்.

"டீச்சர், என் சம்பல்மேல ஏதும் கம்ப்ளைனா?"

"இல்லலா அக்கா. உங்க சம்பலுக்கு முன்னால இது நிக்குதான்னு பாக்குறேன்."

எண்ணெய் விரலுக்குத் திரை கொஞ்சம் முரண்டு பிடித்தது. சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டால் ஒழுங்காக வேலை செய்தது. "எப்படியும் சட்டையிலதான் துடைக்கப் போறாங்க" என்று அதையும் தேற்றிவிட்டார்.

மழைச் சோதனையை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எங்கள் வகுப்புகளுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் ஆசிரியர் பேசுவது ஆசிரியருக்கே கேட்காது. அப்போது டேப்லெட்டில் பாடம் கேட்குமா என்று பார்க்க வேண்டும். பீடோரில் சாயங்கால மழை சொல்லி வைத்த மாதிரி வரும். ஆனால் டீச்சருக்குத் தேவைப்பட்ட அந்த வாரம் மட்டும் வானம் வாயை மூடிக்கொண்டது. பொறுத்துப் பார்த்தார். பிறகு தோட்டக்கார அண்ணனைக் கூப்பிட்டுத் தண்ணீர்க் குழாயைக் கூரைமேல் பீய்ச்சச் சொன்னார். வெயில் கொளுத்துகிற நேரத்தில் ஒரே ஒரு வகுப்பின்மேல் மட்டும் மழை கொட்டியது. அலுவலகத்திலிருந்து வெளியே வந்த தலைமையாசிரியர் வானத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். ஒலிபெருக்கி தோற்றது. எறும்பு இருமுகிற மாதிரி இருந்தது என்று பிள்ளைகளே சொன்னார்கள். "மழை வந்தா படிக்கட்டும், கேக்க வேணாம்" என்றார் டீச்சர்.

விழும் சோதனைக்கு என்னை அழைத்தார்.

"சார், இத எடுத்துட்டுப் போயி அந்த மேசைல வச்சுட்டு வாங்க."

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான். நீங்க எது எடுத்தாலும் வழியில போட்டுருவீங்க. நானா போட்டா அது நடிப்பாயிடும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போடவே கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேசைக்கு ஒரு முழம் இருக்கும்போது கால் இடறி முழங்கால் தரையில் மோத, காந்தம் விட்டு, கீபோர்டு ஒரு பக்கமும் திரை ஒரு பக்கமுமாகச் சிதறின. டீச்சர் குனிந்து எடுத்துச் சேர்த்தார். டக்கென்று ஒட்டி, வேலை செய்தது. "பாத்தீங்களா, பிரிஞ்சு விழுந்ததால அடி பாதியாயிடுச்சு" என்று மனசார மகிழ்ந்தார். என் முழங்காலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மற்ற ஆசிரியர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஐயா மனசு மாறிக் கமுந்திங் பக்கம் போய்விட்டால்? ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கண்டினில் தே தாரேக் குடிக்கும்போது நானே கேட்டுவிட்டேன்.

டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தார். "சாமி வரம் கொடுத்துருவாரு சார். பூசாரிதான் விடமாட்டாரு. அந்த அலமாரியப் பாத்தீங்கல்ல? நான் சும்மா ஆகும்னு சொன்னா, சாமான் எல்லாம் வந்து நேரா அதுக்குள்ள போயிடும். விழுந்தாலும் உடையாது, எண்ணெய் பட்டாலும் கெடாது, வீட்டுக்குப் போனாலும் திரும்பி வரும்னு நான் காட்டிட்டேன்னா, பூட்டுறதுக்கு அவருக்கு என்ன சாக்கு இருக்கு? பிள்ளைங்க கைக்கு வராத மிஷின் கமுந்திங் போனா என்ன, எங்க போனா என்ன?"

அவர் கிளாஸுக்கும் நானே காசு கொடுத்தேன்.

வீட்டுச் சோதனையும் நடந்தது. வெள்ளிக்கிழமை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் டேப்லெட்டைக் கொடுத்தனுப்பினார். தலைமையாசிரியர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பிடவில்லை என்று கேள்வி. திங்கட்கிழமை அந்தப் பெண் திரையை மட்டும் கொண்டுவந்தாள். கீபோர்டு எங்கே? அது இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் தம்பியின் பையிலிருந்து வந்தது. பின்னாலேயே அம்மா.

"ரெண்டும் ஒரே சண்டை டீச்சர். எனக்குத் தலைவலி தாங்கல. பிரிக்கலாம் போல இருந்துச்சு, ஆளுக்கொண்ணா பங்கு பிரிச்சு கொடுத்துட்டேன்."

"தம்பி வெறும் கீபோர்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணான்?"

"அவன் பாட்டுக்குத் தட்டிக்கிட்டு இருந்தான். எழுத்தெல்லாம் எங்க இருக்குன்னு இப்ப மனப்பாடம்."

டீச்சர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்றை அனுப்பினால் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அலுவலகத்துக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் கலைமகள் விழாவும் வந்தது. வழக்கம்போல் மண்டபத்தில் கலைமகள் படத்தின் முன்னால் புத்தகங்களும் கருவிகளும் அடுக்கப்பட்டன. வைத்தால் மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. டேப்லெட்டும், திரை தனியாகவும் கீபோர்டு தனியாகவும், நடுநாயகமாக அமர்ந்தது. சந்தனம் குங்குமம் வைப்பது தலைமையாசிரியரின் தனி உரிமை. மனிதர் அதில் மட்டும் கஞ்சத்தனமே பார்க்கமாட்டார். அச்சு இயந்திரம், மணி, தீயணைப்புக் கருவி என்று பள்ளி முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டே போனார். தப்பித்தது நானும் கண்டின் பூனையும்தான். மதியத்துக்குள் பூனையும் மாட்டிக்கொண்டது.

மறுநாள் பூஜை முடிந்த கையோடு செட்டியார் ஐயா வந்தார். அவருக்கும் அன்று நல்ல நாள் என்று பட்டிருக்கிறது. ஈப்போ கடையிலிருந்து ஓர் இளைஞரையும் கூட்டி வந்திருந்தார். மண்டபத்தில் பிள்ளைகள், பெற்றோர்கள், நாங்கள் எல்லாரும் கூடியிருந்தோம். தராசு டீச்சர் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவியைக் கூப்பிட்டு, திரையையும் கீபோர்டையும் ஒட்டிக் கொடுத்து, பள்ளியின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

அவள் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். டீச்சர் கீபோர்டைப் பிரித்து ஒட்டினார். திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. கீபோர்டு செத்துக் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் தலைமையாசிரியர், கொஞ்சம் வருத்தத்தோடும் கொஞ்சம் திருப்தியோடும். "ஒரு மாசம் தாங்கல. ரோசாக். பிள்ளைங்க கையிலயே விட்டா இப்படித்தான். கொடுங்கய்யா, ஆனா நான் அலமாரியில வச்சு, தேவைப்படுறப்ப எடுத்துக் காட்டுறேன்."

ஐயா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன டீச்சர், ஆகுமா ஆகாதா?"

தராசு டீச்சரின் முகம் வெளிறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆகும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார்.

"ஓடாத மிஷினை ஆகும்னு என்னால சொல்ல முடியாதுய்யா" என்றார்.

கடை இளைஞர் மட்டும் கீபோர்டை எடுத்து விளிம்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். திரையும் கீபோர்டும் ஒட்டுகிற இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைப் புள்ளிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று தொட்டால்தான் தட்டுகிற எழுத்து திரைக்குப் போகும்.

"டீச்சர், இது என்ன, சந்தனமா?"

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு புள்ளியின் மேலும் அளவெடுத்த மாதிரி ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் ஒரு துளி குங்குமம். இரவெல்லாம் காய்ந்து இறுகியிருந்தது.

தலைமையாசிரியர் பொட்டு வைத்த விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "வரிசையா புள்ளி வச்சிருந்தாங்க. பொட்டு வைக்கிறதுக்குன்னே விட்ட இடம் மாதிரி இருந்துச்சு…"

இளைஞர் ஒரு துணியை ஈரமாக்கித் துடைத்தார். ஒட்டினார். ஐந்தாம் ஆண்டுப் பெண் தட்டினாள். பள்ளியின் பெயர் திரையில் ஓடியது. அவள் தம்பி கூட்டத்திலிருந்து கைதட்டினான்.

"ஆகும்யா!" என்றார் தராசு டீச்சர், மண்டபமே அதிரும்படி. பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னார்: "சார், ஒரு மாசம் பிள்ளைங்க கையில இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. ஒரு நாள் உங்க கையில இருந்துச்சு."

செட்டியார் ஐயா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அடங்கியதும், "பொட்டு வைக்க வேணாம்னு சொல்லமாட்டேன் சார். ஆனா முதுகுப் பக்கம் வைங்க. சாவிய டீச்சர்ட்ட கொடுத்துருங்க" என்றார். தலைமையாசிரியர் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்ற வெகுநேரம் ஆனது. பழக்கமில்லாத வேலை, பாவம்.

டேப்லெட்டுகள் வந்தன. வகுப்பில் தரையிலும் வீட்டில் கட்டிலிலும் கிடந்து பிள்ளைகளோடு பிள்ளையாகப் புரண்டன. அடுத்த வருஷம் டீச்சருக்கு அவர் கணவர் வேலை பார்க்கும் லுமுட் பக்கம் மாற்றல் வந்தது. சாவி என் கைக்கு வந்தது. போகும்போது, எதையாவது கீழே போடும்போது உட்கார்ந்துகொண்டே போடும்படி எனக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன சில மாதங்களில் முதல் டேப்லெட் உடைந்தது. இந்தத் தடவை சந்தனம் எதுவும் இல்லை. திரை குறுக்கே விரிசல் விட்டு, நிஜமாகவே போய்விட்டது. கொண்டுவந்த ஆறாம் ஆண்டு மாணவி அழுதுகொண்டே நின்றாள். தலைமையாசிரியர் அலமாரியைப் பார்த்தார். அவர் பார்த்ததில் நியாயமில்லை என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. டீச்சருக்குப் போன் போட்டேன்.

"எப்படி உடைஞ்சுச்சு?" என்றார். விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று நிமிர்ந்து நின்றேன்.

"கதை ஒண்ணு எழுதிக்கிட்டு இருந்தாளாம் டீச்சர். எழுதிக்கிட்டே கண்ணசந்துட்டா. மடியிலேருந்து விழுந்துருச்சு."

"எழுதிக்கிட்டேவா?"

"ஆமா டீச்சர்."

எடை என்ன, எவ்வளவு உயரம், தரை சிமெண்டா மரமா என்று அடுத்து வரும் கேள்விகளுக்கு நான் தயாராக இருந்தேன்.

"அப்ப உடையட்டும் சார்" என்றார் தராசு டீச்சர். "அதுக்குத்தானே வாங்குனோம். அவளுக்கு வேற ஒண்ணு எடுத்துக் கொடுங்க. கதைய முடிக்கட்டும்."

கொடுத்தேன். எந்தப் பொருளையும் நம்பாத அந்த மனுஷி, பிள்ளைகளை மட்டும் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்காமலே நம்பினார். அவரோடு வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை இருக்கிறது. அதை அவரிடம் சொன்னால் நிஜமா என்று நிறுத்துப் பார்ப்பார். அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.